பல கை வளர்த்த பிள்ளை
சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பத்தில் தாய்மையும் குழந்தைப் பருவமும்: பிடோக்கில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



தாய்மையைப் பற்றிப் பேசுவதற்குத் தமிழ் மேடையில் என்றைக்குமே சொற்பஞ்சம் இருந்ததில்லை. அன்னையைத் தெய்வம் என்போம், தியாகத்தின் வடிவம் என்போம், கைதட்டல் கிடைக்கும், கூட்டம் கலையும். மறுநாள் விடியுமுன் எழுந்து, பால் பாட்டிலைக் கழுவி, பிள்ளையைப் பராமரிப்பு நிலையத்தில் விட்டுவிட்டு, ரயில் பிடித்து வேலைக்கு ஓடும் பெண்ணுக்கு அந்தப் புகழுரையால் அரை மணி நேரத் தூக்கம்கூடக் கூடுவதில்லை. ஆகவே புகழுரையை ஒதுக்கிவிட்டுச் சற்றுக் கணக்குப் பார்க்கலாம். ஒரு தமிழ்க் குழந்தையை வளர்க்கும் வேலையை மரபு யார் யாருக்குப் பங்கிட்டுக் கொடுத்தது? சிங்கப்பூருக்கு வந்தபின் அந்தப் பங்கீடு என்ன ஆயிற்று? இன்று அது யார் தலையில் விழுந்திருக்கிறது? இம்மூன்றையும் தேடிப்போனால் ஒரே முடிவுக்குத்தான் வந்து சேர்கிறோம். நம் மரபில் தாயின் பெருமையும் தாய்க்கான துணையும் சேர்ந்தே இருந்தன. பெருமையைப் பத்திரமாகக் கொண்டுவந்துவிட்டோம். துணையை வழியில் எங்கேயோ இறக்கிவிட்டோம். நாலு தூண் மண்டபத்தில் மூன்றைப் பெயர்த்தெடுத்துவிட்டு, மிஞ்சிய ஒரு தூணுக்கு மாலை சூட்டிக் கும்பிடுகிறோம். மரபைக் காப்பது என்றால் அந்த மூன்று தூண்களையும் திரும்ப நிறுத்துவது என்பதுதான் என் வாதம்.

சான்றைப் பழைய இலக்கியத்திலிருந்தே தொடங்குகிறேன். புறநானூற்றின் 312ஆம் பாடலை அறியாத தமிழ் மாணவர் குறைவு. பொன்முடியார் பாடியது. பெற்று வளர்ப்பது தன் கடமை என்று ஒரு தாய் அதில் சொல்கிறாள். மேடைகளில் பெரும்பாலும் அந்த முதல் அடியோடு நிறுத்திக்கொள்வார்கள். பாடலோ அதற்கு மேலும் போகிறது. பிள்ளையைச் சான்றோனாக்கும் பொறுப்பைத் தந்தைக்கும், வேல் வடித்துத் தரும் பொறுப்பைக் கொல்லனுக்கும், நல்ல நெறியைத் தரும் பொறுப்பை அரசனுக்கும் அது பிரித்துக் கொடுக்கிறது. கடைசியில் வளர்ந்த பிள்ளைக்கும் ஒரு கடமையை வைக்கிறது. ஒரு பிள்ளை, ஐந்து பொறுப்பாளிகள். அந்தப் பட்டியலில் பெண் குழந்தை இல்லை என்பதும், போர்க்களம்தான் அதன் இலக்கு என்பதும் மறுக்க முடியாத குறைகள். ஆனால் பிள்ளை வளர்ப்பைத் தாய் ஒருத்தியின் தனிப்பாடாக அது பார்க்கவில்லை என்பதும் அதே அளவுக்கு உண்மை. தாயே பேசும் பாடலில் தாய் தனக்கென எடுத்துக்கொள்வது ஐந்தில் ஒரு பங்கைத்தான்.

அகப்பாடல்களில் இது இன்னும் தெளிவு. பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி என்று இரண்டு தாயரை அகமரபு அருகருகே நிறுத்துகிறது. மகள் காதலனோடு போய்விட்டால் அழுவதற்கும் தேடுவதற்கும் இருவருக்கும் தனித்தனித் துறைகள் உண்டு. நற்றிணை 110இல் போதனார் காட்டும் வீட்டைப் பாருங்கள். தேன் கலந்த பாலைப் பொற்கலத்தில் ஒரு கையில் ஏந்திக்கொண்டு, மறு கையில் அச்சுறுத்தச் சிறு கோலை ஓங்கிக்கொண்டு, சிலம்பொலிக்கப் பந்தலைச் சுற்றி ஓடும் சிறுமியை நரைத்த கூந்தலுடைய செவிலியர் துரத்துகிறார்கள். முடியாமல் ஓய்ந்து போகிறார்கள். சோறூட்டத் தெரிந்த எவருக்கும் இந்தக் காட்சி விளங்கும். பால் கிண்ணத்தோடு ஓடுவது ஒருத்தி அல்லள், பலர் என்பதை மட்டும் நாம் கவனிக்கத் தவறிவிடுகிறோம். பொற்கலம் இருந்த வீட்டில் செவிலியரும் இருந்தார்கள், ஏழை வீட்டில் ஏது செவிலி என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஏழை வீட்டின் ஏற்பாட்டை இலக்கியத்தில் தேடுவதைவிடச் சடங்கில் தேடுவது நல்லது. பணமில்லாத குடும்பம் கூலி கொடுத்து ஆள் வைத்துக்கொள்ள முடியாது; ஆனால் உறவுக்குக் கடமையை விதித்துவிட முடியும். அந்த விதிதான் சடங்கு.

ஒவ்வொரு சடங்கிலும் யாருக்கு என்ன வேலை என்று பாருங்கள். ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளைகாப்பு. கண்ணாடி வளையல் அடுக்கி, கலவை சாதம் கட்டிக்கொடுத்து முடித்தபின் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற அந்த ஏற்பாட்டின் பொருளாதாரப் பொருள் எளியது: புகுந்த வீட்டு அடுப்படியிலிருந்து ஒரு பெண்ணுக்குச் சில மாதங்கள் விடுதலை. பிள்ளை பிறந்ததும் பத்தியச் சமையல். பூண்டும் சுக்கும் மிளகும் அரைத்த மருந்துக் குழம்பு, பால் சுரக்கச் சுறாப்புட்டு, குளிக்க வெந்நீர், தலை துவட்டச் சாம்பிராணிப் புகை. இவற்றில் எதையும் பிள்ளை பெற்றவள் தானே செய்துகொள்ள முடியாது. இன்னொருத்தி கூடவே இருந்தாக வேண்டும், இருக்கவும் செய்தாள். தொட்டிலில் போடுவதற்கு அத்தை. முடி இறக்கவும் காது குத்தவும் தாய்மாமன் மடி. பெண் பருவம் எய்தினால் பச்சை ஓலைக் குடிசை கட்டுவது மறுபடி தாய்மாமன் பொறுப்பு. கத்தோலிக்கத் தமிழர்களிடம் ஞானத்தகப்பனும் ஞானத்தாயும், தமிழ் முஸ்லிம்களிடம் நாற்பது நாள் ஓய்வு. சமயம் மாறினாலும் ஏற்பாட்டின் எலும்புக்கூடு மாறவில்லை. பிள்ளை பிறந்த வீட்டுக்குள் எந்த உறவு எந்த நாளில் எந்த வேலையோடு நுழைய வேண்டும் என்பதற்கு மரபு ஒரு பட்டியலே போட்டு வைத்திருந்தது.

இது தமிழர்க்கு மட்டும் உரிய புதுமை அன்று. உக்ரேனில், சிகிரின் வட்டாரத்தைச் சேர்ந்த மார்க்கோ ஹ்ருஷெவ்ஸ்கி என்ற பாதிரியார் கிராமங்களில் குழந்தை வளர்ப்பு வழக்கங்களை ஊன்றிக் கவனித்துத் தொகுத்தார். ஸெனோன் குஸெல்யா அதைச் செப்பனிட்டு 1906, 1907ஆம் ஆண்டுகளில் லிவீவில் வெளியிட்டார். அந்தக் கிராமங்களில் பேறு பார்க்கும் மூதாட்டிக்கு வேலை பேற்றோடு முடிந்துவிடுவதில்லை. தாயும் பிள்ளையும் தேறும்வரை அவள் வந்துபோவாள். ஞானப்பெற்றோர் திருமுழுக்குக்கு வெள்ளைத் துணி கொண்டுவருவார்கள். பிள்ளைக்கு ஒரு வயது நிறைந்ததும் ஆட்டுத்தோல் மேலங்கியை விரித்து அதன்மேல் உட்கார வைத்து, ஞானத்தகப்பன் முதல் முடியைச் சிலுவை வடிவில் வெட்டுவார். தாய்மாமன் மடியை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிள்ளை வளர்ந்தபின் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் ஞானப்பெற்றோர் வீட்டுக்கும் பேறு பார்த்த மூதாட்டி வீட்டுக்கும் உணவு எடுத்துக்கொண்டு போகும். கடன் இரு பக்கமும் நினைவில் நின்றது. 2022க்குப் பின் போரால் சிதறி, வயதுவந்த ஆண்கள் பெரும்பாலோர் வெளியேற முடியாத நிலையில், பிள்ளைகளோடு வேற்று நாடுகளில் தஞ்சம் புகுந்த உக்ரேனியத் தாயர் இழந்தவற்றில் இந்த உறவு வட்டமும் ஒன்று. இடம்பெயர்வு முதலில் தாக்குவது வீட்டை. அடுத்துத் தாக்குவது தாயைச் சூழ்ந்திருந்த கைகளை. தமிழர்க்கு இது பழைய கதை.

சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றை இந்தக் கண்ணோடு படித்தால் ஓர் உண்மை உடனே தட்டுப்படும். நாம் ஏக்கத்தோடு நினைக்கும் கூட்டுக்குடும்பம் இத்தீவில் தொடக்கத்தில் இருக்கவே இல்லை. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இங்கிருந்த இந்தியர்களில் ஆயிரம் பெண்களுக்கு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள். 1957இல்கூட ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண்களுக்கு மேல். அதாவது நம் சமூகத்தின் பெரும்பகுதி பல பத்தாண்டுகளுக்குக் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியே வாழ்ந்த ஆண்களால் ஆனது. பிள்ளைகள் ராமநாதபுரத்திலும் தஞ்சாவூரிலும் தாயோடும் பாட்டியோடும் வளர்ந்தார்கள். தகப்பன் கடிதமாகவும் பணவிடையாகவும் வந்து போனார். மனைவியை இங்கே அழைத்துக்கொண்டவர்களின் வீட்டிலோ மாமியாரும் இல்லை, தாயும் இல்லை, தாய்மாமனும் இல்லை. அப்படியிருந்தும் பிள்ளைகள் வளர்ந்தார்கள். எப்படி? வேலையிடக் குடியிருப்பிலும், கம்பம் எனப்பட்ட சிற்றூர்களிலும் பக்கத்து வீட்டுக்காரி பெரியம்மா ஆனாள். ஊர்க்காரர் மாமா ஆனார். மலாய் மருத்துவச்சி பேறு பார்த்து, வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டி, உடம்பு உருவிவிட்டாள். கடலுக்கு அப்பால் விட்டுவந்த உறவை இங்கேயே உண்டாக்கிக்கொள்ளும் ஆற்றல் அந்தத் தலைமுறைக்கு இருந்தது. மரபு என்று நாம் கொண்டாட வேண்டியது இந்த ஆற்றலைத்தான். இரத்த உறவு அதற்குக் கிடைத்த ஒரு வசதி, அவ்வளவே.

இதை மிகைப்படுத்தியும் பேசக்கூடாது. மலாயாத் தோட்டங்களில் ஆயாக் கொட்டகை இருந்தது. விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டப் போகும் தாய், தூளியோடு பிள்ளையை அங்கே விட்டுப் போவாள். ஒரு முதியவள் பத்துப் பதினைந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள். அதைச் சமூகப் பாசத்தின் சின்னம் என்று சிலர் எழுதுகிறார்கள். தோட்டத் துரைக்கு வேண்டியது தாயின் உழைப்பு. கொட்டகை அதற்கான செலவு. ஆனாலும் ஒரு பாடம் அதில் இருக்கிறது. தாய் வேலைக்குப் போவது நவீன காலத்தின் கேடு, அந்தக் காலத்தில் தாய் வீட்டிலேயே இருந்து பிள்ளையை வளர்த்தாள் என்ற பேச்சு உழைக்கும் தமிழர் வரலாற்றுக்குப் பொருந்தாது. நம் பாட்டிமாரும் முப்பாட்டிமாரும் வயலிலும் தோட்டத்திலும் சாலைப் பணியிலும் வேலை செய்துகொண்டேதான் தாயானார்கள். அன்றும் இன்றும் தாய் வேலைக்குப் போகிறாள். தூளியை ஆட்ட ஆள் இருந்ததா என்பதில்தான் வேறுபாடு.

தூளி என்றதும் ஒன்றை விரித்துச் சொல்ல வேண்டும். கம்பத்து வீட்டில் உத்தரத்தில் கயிறு கட்டி, கைலியை முடிந்து தொங்கவிட்டால் தூளி ஆயிற்று. கீரை ஆய்ந்துகொண்டே கிழவி கயிற்றை இழுப்பாள். இழுக்கும்போது சும்மா இருக்கமாட்டாள், பிள்ளையோடு பேசுவாள், பாடுவாள், போகிற வருகிறவரைத் திட்டுவாள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீட்டில் உத்தரம் இல்லை. இரும்புச் சட்டம் வந்தது, அதில் சுருள்கம்பி வந்தது. பிள்ளையின் எடையே தூளியை மேலும் கீழும் அசைத்தது. பிறகு மின்விசை வந்தது. பொத்தானை அமுக்கினால் போதும், தூளி விடிய விடிய ஆடும். களைத்துப்போன தாய்க்கு அது பெரிய உதவி. குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கயிறு இழுத்த கையோடு வந்த பேச்சை மின்விசை தராது. 2020 கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் 2.5 விழுக்காடு; 2010இல் அது 3.3 விழுக்காடு. பள்ளிக்கல்வியின் மொழி, வேலையிடத்தின் மொழி, புதிதாகக் குடியேறியோரின் மொழி என்று இதற்குக் காரணங்கள் பல. பாட்டி ஒருத்தியை மட்டும் காரணமாக்க முடியாது. எனினும் தமிழைத் தவிர வேறு மொழி சரளமாக வராத ஒருவர் நாள் முழுவதும் பிள்ளையோடு இருந்த வீட்டில் தமிழுக்கு யாரும் இயக்கம் நடத்த வேண்டியிருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இனி அரசு நுழைந்த கதைக்கு வருவோம். தேக்காவுக்கு அருகில் உள்ள கண்டாங் கெர்பாவ் 1924இல் மகப்பேறு மருத்துவமனை ஆனது. 1966இல் ஒரே ஆண்டில் அங்கே ஏறத்தாழ 40,000 குழந்தைகள் பிறந்தன. உலகிலேயே மிக அதிகம் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. 1965இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 26 பேர் முதலாண்டு நிறையுமுன் இறந்தார்கள். இன்று அந்த எண் இரண்டை ஒட்டி இருக்கிறது. மருத்துவச்சியின் காலத்தை நினைத்து உருகுபவர்கள் இந்த எண்ணை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். 1972இல் இரண்டோடு நிறுத்துங்கள் என்றது அரசு. மூன்றாவது, நான்காவது பிள்ளைக்கு மகப்பேற்றுக் கட்டணம் கூடியது. 1987இல் அதே அரசு, வசதியிருந்தால் மூன்றோ அதற்கு மேலோ பெற்றுக்கொள்ளுங்கள் என்றது. 2023இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 0.97 குழந்தை என்ற நிலைக்கு நாடு வந்து சேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் வேலைக்குப் போகும் பெண்களின் பங்கு 1970இல் இருந்த 30 விழுக்காட்டுக்கும் குறைவான நிலையிலிருந்து 60 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. இந்த மாற்றங்கள் ஒவ்வொன்றுக்கும் தக்க காரணம் இருந்தது. ஆனால் இவை சேர்ந்து ஒரு விளைவைத் தந்தன: பிள்ளைகள் குறைந்தார்கள், பிள்ளைக்கான சித்தப்பாவும் அத்தையும் தாய்மாமனும் சேர்ந்தே குறைந்தார்கள். தந்தையோடு உடன்பிறந்தவர் ஒருவர்தான் என்றால், அத்தை இருக்கும் பிள்ளைக்குச் சித்தப்பா இருப்பதில்லை. சடங்கின் பட்டியலில் பெயர் இருக்கிறது, ஆள் இல்லை.

வீட்டின் அமைப்பும் இதில் ஒரு பங்கு வகித்தது. பிடோக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1970களில் எழுந்த இந்நகரம் தீவின் மக்கள்தொகை மிகுந்த வட்டாரங்களில் ஒன்று. முதியோர் மிக அதிகமாக வாழும் வட்டாரங்களிலும் ஒன்று. அன்று இளம் தம்பதியராக இங்கே குடிபுகுந்தவர்கள் இன்று தாத்தா பாட்டி. அவர்களுடைய பிள்ளைகளுக்கு வீடு கிடைத்ததோ பொங்கோல், செங்காங் போன்ற புதிய நகரங்களில். பாட்டி ஓரிடம், பேரப்பிள்ளை ஓரிடம். 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையின் இப்போதைய வரம்புப்படி இந்தியரும் பிற இனத்தவரும் ஒரு வட்டாரத்தில் 12 விழுக்காட்டுக்கும், ஒரு புளோக்கில் 15 விழுக்காட்டுக்கும் மேற்படக்கூடாது. இனவாரியான சேரிகள் உருவாகாமல் தடுத்த கொள்கை அது. அந்த நன்மையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அண்ணன் குடியிருக்கும் புளோக்கிலேயே தம்பியும் மறுவிற்பனை வீடு வாங்க நினைத்து, அங்கே இடம் நிரம்பிவிட்டது என்று தெரிந்து வேறிடம் தேடிய தமிழ்க் குடும்பங்களுக்கு அதன் விலையும் தெரியும். பிறகு அரசே அருகருகே வாழ ஊக்கம் தரத் தொடங்கியது. மறுவிற்பனை வீடு வாங்கும் குடும்பத்துக்குப் பெற்றோரோடு சேர்ந்து வாழ 30,000 வெள்ளி, நான்கு கிலோமீட்டருக்குள் வாழ 20,000 வெள்ளி மானியம். தாத்தா பாட்டி பக்கத்தில் இருப்பதன் பயனை ஒரு நாட்டின் வரவுசெலவுத் திட்டமே விலைபோட்டு ஏற்றுக்கொண்டுவிட்டது என்று இதைக் கொள்ளலாம்.

இந்த இடத்தில் முதல் மறுப்பு எழும். பாட்டியும் அத்தையும் செய்ததை இன்று பணம் கொடுத்துப் பெற முடிகிறதே, எதற்கு இந்தப் புலம்பல் என்பார்கள். இரண்டு மாதக் குழந்தையிலிருந்தே ஏற்றுக்கொள்ளும் நிலையங்கள் இருக்கின்றன. ஐந்து சிசுக்களுக்கு ஒரு பராமரிப்பாளர் என்ற விகிதம் சட்டப்படி உண்டு. 1978இல் வெளிநாட்டுப் பணிப்பெண் திட்டம் வந்தது. இன்று ஏறத்தாழ ஐந்தில் ஒரு வீட்டில் பணிப்பெண் இருக்கிறார். சீனக் குடும்பங்கள் மலேசியாவிலிருந்து பேறுகாலப் பணிப்பெண்ணை வரவழைத்துக்கொள்கின்றன. தேக்காவில் பத்திய மருந்துச் சாமான் பொட்டலமாகவே கிடைக்கிறது. எல்லாம் உண்மை, எல்லாம் நன்மையே. ஆயினும் இரண்டு சொல்ல வேண்டும். ஒன்று, சேவையை வாங்கலாம். சேவையை ஏற்பாடு செய்யும் பொறுப்பை வாங்க முடியாது. எந்த நிலையம், எந்தப் பணிப்பெண், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தொலைபேசி வந்தால் யார் ஓடுவது என்ற தலைப்பாரம் இன்னும் தாயிடமே இருக்கிறது. அரசின் வரிச்சலுகையிலும் இதைக் காணலாம்: பிள்ளையைத் தாத்தா பாட்டி பார்த்துக்கொள்வதற்கான 3,000 வெள்ளிக் கழிவு வேலைக்குப் போகும் தாய்க்கு மட்டும்தான், தந்தைக்குக் கிடையாது. இரண்டாவது, நம் வீட்டுப் பிள்ளையைத் தூக்கி வளர்க்கும் பணிப்பெண்ணுக்கும் ஊரில் பிள்ளை இருக்கலாம். அந்தப் பிள்ளையை அங்கே ஒரு பாட்டியோ பெரியம்மாவோ கூலியில்லாமல் வளர்க்கிறாள். அதாவது பழைய ஏற்பாடு அழிந்துவிடவில்லை. அதை இன்னொரு நாட்டின் ஏழைக் குடும்பத்திடமிருந்து கடன் வாங்கி நாம் வாழ்கிறோம். நற்றிணையின் செவிலியர் பெற்ற பிள்ளைகளுக்கு அவர்கள் வீட்டில் யார் பாலூட்டினார்கள் என்று புலவர் கேட்கவில்லை. நாம் கேட்கலாம்.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. நீங்கள் பாராட்டும் அந்த ஏற்பாடு பெண்ணை நசுக்கிய ஏற்பாடுதானே என்று இளைய தலைமுறை கேட்கிறது. கேட்பது சரி. வளைகாப்புக் கூடத்தில் கைம்பெண்ணுக்கும் பிள்ளையில்லாதவளுக்கும் இடமில்லை. தலைப்பிரசவத்தின் செலவு முழுவதும் பெண் வீட்டார் தலையில். ஆண் பிள்ளை என்றால் ஒரு முகம், பெண் பிள்ளை என்றால் இன்னொரு முகம். பல கை என்று நான் சொல்லும்போது அந்தக் கைகளில் மிகச் சிறியது மூத்த மகளின் கை என்பதை மறைக்கக்கூடாது. தம்பி தங்கையை இடுப்பில் சுமந்ததால் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட அக்காமார் இத்தீவின் ஒரு தலைமுறை முழுவதும் உண்டு. மருத்துவம் தள்ளிவிட்ட வழக்கங்களும் உண்டு: பிறந்த சிசுவின் வாயில் சர்க்கரைத் தண்ணீர் சேனை வைப்பது, பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைப்பது. இவை போகட்டும். ஆனால் நியாயமற்ற பங்கீட்டுக்கு மாற்று நியாயமான பங்கீடு. பங்கீடே இல்லாத நிலை அதற்கு மாற்றாகாது. மாமியாரின் அதிகாரத்திலிருந்து மருமகள் விடுபட்டாள் என்பது உண்மை; அந்த விடுதலையின் முடிவில் அவள் தனியாக நிற்கிறாள் என்பதும் உண்மை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது பொய்யான தேர்வு.

தந்தையைப் பற்றி மரபு கொஞ்சம் கஞ்சத்தனமாகவே நடந்துகொண்டது. சான்றோனாக்கும் பொறுப்பைக் கொடுத்தது. துணி மாற்றும் பொறுப்பைக் கொடுக்கவில்லை. இங்கே மரபைவிட இன்றைய சட்டம் முன்னே நிற்கிறது. 2025 ஏப்ரல் முதல் தந்தைக்கு நான்கு வார விடுப்பு தருவது முதலாளிகளுக்குக் கட்டாயம். பெற்றோர் இருவரும் பகிர்ந்துகொள்ளும் விடுப்பு அதே நாளில் ஆறு வாரமாகத் தொடங்கி, 2026 ஏப்ரலில் பத்து வாரமாகும் வகையில் வகுக்கப்பட்டது. ஆனால் அண்மை ஆண்டுகளில் தந்தையர் விடுப்பை எடுத்தவர்கள் தகுதியுள்ளோரில் ஏறத்தாழப் பாதிப்பேர்தான். சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. உள்ளே நுழையக் கூச்சம் தடுக்கிறது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆண் வீட்டில் இருப்பது நம் வழக்கமில்லையே என்று ஒருவர் சொன்னால், அவருக்குத் தாய்மாமனை நினைவூட்டலாம். பச்சைப் பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு, அது வீறிடும்போது தலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணீரைத் துடைத்துவிட்டது ஓர் ஆண்தான். அந்த மடியைச் சபை நடுவில் உட்கார வைத்து மரியாதை செய்த சமூகம் நம்முடையது. அந்த மரியாதையைத் தகப்பனுக்கும் நீட்டிக்க மரபில் எந்தத் தடையும் இல்லை.

தாத்தா பாட்டி தரப்பிலிருந்து மூன்றாவது மறுப்பு. நாங்கள் எங்கள் பிள்ளைகளை வளர்த்தாயிற்று, இனியாவது எங்களை விடுங்கள் என்கிறார்கள். முழங்கால் வலியோடு மூன்றாம் மாடிக்கும் விளையாட்டுத் திடலுக்கும் பேரனின் பின்னே ஓடும் அறுபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு அப்படிச் சொல்லும் உரிமை உண்டு. தாயிடமிருந்து எடுத்த பாரத்தை அப்படியே பாட்டியிடம் இறக்கினால் அது பங்கீடு ஆகாது. ஒரு பெண்ணிடமிருந்து இன்னொரு பெண்ணுக்குப் போன இடமாற்றம். மரபின் பட்டியலில் பாட்டி ஒருத்தி மட்டும் இல்லை என்பதைத்தான் இவ்வளவு நேரமும் காட்டி வந்தேன். ஆறேழு பேருக்குப் பிரித்ததை ஒருவரிடம் குவித்தால் யாராக இருந்தாலும் முறிந்துதான் போவார்கள்.

அப்படியானால் என்ன செய்யலாம்? சடங்குகள் நம்மிடம் செத்துப்போகவில்லை, செழிப்பாகவே நடக்கின்றன. வளைகாப்புக்கு மண்டபம் பிடிக்கிறோம், மேடை அலங்காரத்துக்கு ஆயிரக்கணக்கில் வெள்ளி செலவிடுகிறோம், ஏழு தட்டு, ஒன்பது தட்டு, பதினொரு தட்டு என்று சீர் வைக்கிறோம், ஒரு பிற்பகல் முழுவதும் படம் எடுக்கிறோம். அன்று மாலையே எல்லாரும் அவரவர் வீட்டுக்குப் போய்விடுகிறோம். சடங்கின் வேலை அங்கேதான் தொடங்க வேண்டும். தட்டோடு வருபவர் ஒவ்வொருவரும் ஒரு நாளோடும் வரட்டும். மோதிரம் போடும் தாய்மாமன், பிள்ளை பிறந்த முதல் மூன்று மாதத்தின் சனிக்கிழமைக் காலைகளை எடுத்துக்கொள்ளட்டும். அத்தை வாரம் இரண்டு நாள் பத்தியச் சமையலை ஏற்கட்டும். கணவனின் நண்பர்கள் மருத்துவமனைப் பயணங்களை ஏற்கட்டும். உடன்பிறந்தவர் இல்லாத வீட்டில், அந்தக் காலக் கம்பத்தில் செய்ததைப் போல, பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பத்தையும் எதிர்வீட்டுச் சீனக் குடும்பத்தையும் உறவாக்கிக்கொள்ளத் தயங்க வேண்டாம். நாத்தனார்க்கும் கொழுந்தனார்க்கும் மாமியார்க்கும் யார் யாருக்கு எந்தக் கிழமை என்று வளைகாப்பு மேடையிலேயே அறிவித்தால் யாரும் பின்வாங்க முடியாது. ஊரறிய ஏற்றுக்கொண்ட கடமையைத் தமிழர் எளிதில் கைவிடுவதில்லை. சடங்கைச் சபையில் நடத்தியதன் சூட்சுமமே அதுதான். கைம்பெண்ணுக்கும் பிள்ளையில்லாதவருக்கும் மணமாகாதவருக்கும் அந்தப் பட்டியலில் இடம் கொடுத்தால் பழைய அநீதி ஒன்றும் அன்றோடு தீரும்.

இது நடக்கிற காரியமா, அவசர உலகத்தில் யாருக்கு நேரம் இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரே விடைதான். சொந்தபந்தமே இல்லாத தீவில், தண்ணீர்க் குழாய் பொதுவாக இருந்த குடியிருப்புகளில், நாள்முழுக்க உடலுழைப்பு செய்துவிட்டு வந்தவர்கள் அதைச் செய்தார்கள். அவர்களுக்கு நம்மைவிட நேரம் அதிகமாக இருந்ததாகச் சான்று ஏதும் இல்லை. பிள்ளை பலருடையது என்ற எண்ணம் அவர்களிடம் இருந்தது. அதற்கேற்பக் கடமையைப் பிரித்துக்கொண்டார்கள். தாயைப் புகழ்வதில் நாம் அவர்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை. தாயின் வேலையில் பங்கெடுப்பதில் அவர்களுக்குச் சமமாகும்வரை, மரபைக் காக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளும் தகுதி நமக்கு முழுமையாக வந்துவிடாது.